அந்தச் சகோதரியை மறுபடி முன்னே அழையுங்கள்: போதகருக்கும் மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களுக்கும், சபைக் குழுவின் மூப்பர்களுக்கும், கிறிஸ்துவின் நாமத்தில் வணக்கம்.

அர்ப்பணிப்பு ஆராதனையில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள், சுவிசேஷக் குழு, ஒலிபெருக்கியைக் கவனிக்கும் வாலிபர்கள் என்று ஒவ்வொருவராக முன்னே அழைத்து, கை வைத்து ஜெபித்தீர்கள். கடைசியில், “கர்த்தருக்கென்று உழைக்கிறவர்கள் வேறு யாராவது இருந்தால் வரலாம்” என்ற அழைப்பும் வந்தது. அதை நம்பித்தான் அந்தச் சகோதரி எழுந்து வந்தார். எந்தக் குழு என்று கேட்டார்கள். எந்தக் குழுவிலும் இல்லை, படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். “அது உங்கள் சொந்த வேலை அம்மா, இது கர்த்தருடைய வேலை” என்ற பதில் ஒலிபெருக்கி வழியாக எல்லோர் காதிலும் விழுந்தது. அவர் திரும்பி நடந்து தம் இடத்தில் போய் உட்கார்ந்தார். அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டோம்.

சொன்னவர் யாரையும் புண்படுத்த நினைத்துச் சொல்லவில்லை. அவர் நல்லவர், பல குடும்பங்களுக்குத் துணையாக நின்றவர். யோசிக்காமல் வாயில் வந்துவிட்ட பதில் அது. ஆனால் யோசிக்காமல் வரும் அளவுக்கு அந்த எண்ணம் நம் எல்லோர் மனதிலும் ஊறிக் கிடக்கிறது என்பதால்தான் இதைத் தனிப்பட்ட முறையில் பேசி முடித்துக்கொள்ளாமல் வெளிப்படையாக எழுதுகிறேன்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். வரும் ஆராதனை ஒன்றில் அந்தச் சகோதரியை முன்னே அழையுங்கள். அவர் செய்யும் வேலை இன்னதென்று சபைக்குச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு ஜெபித்தது போலவே அவருக்கும் கை வைத்து ஜெபியுங்கள்.

அந்த வேலை இன்னதென்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. நான் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். மாமியாருக்குப் பக்கவாதம். பேச்சு இல்லை, தானாகப் புரண்டு படுக்கவும் முடியாது. இப்படிப்பட்டவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் முதுகின் அடியிலும் இடுப்பெலும்பின் மேலும் குதிகாலிலும் தோல் சிவக்கும், பிறகு புண்ணாகும். படுக்கைப்புண் ஒருமுறை வந்துவிட்டால் லேசில் ஆறாது. அதனால் கட்டில் காலில் ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். தேதி, நேரம், அதற்கு நேராக இடது, மல்லாந்து, வலது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். பகலும் உண்டு, நடுச்சாமமும் உண்டு.

ஓர் இடத்தில், இரவு 2 மணிக்கு இருக்க வேண்டிய வரியில் இப்படி இருந்தது: “3.10. தூங்கிவிட்டேன். வலது இடுப்பில் சிவப்பு.” அதற்குக் கீழே பல வரிகளுக்கு வலது என்ற சொல்லே இல்லை. சிவப்பு மறையும்வரை இடது, மல்லாந்து, இடது, மல்லாந்து என்று மாற்றியிருக்கிறார்.

அந்த நோட்டை வாங்கிப் பார்க்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. 2 மணி என்று எழுதியிருந்தால் கேட்பார் யாருமில்லை. நோயாளிக்கோ வாய் திறந்து சொல்ல முடியாது. இருந்தும் 3.10 என்று எழுதினார். “கொஞ்சத்திலே உண்மையுள்ளவன் அநேகத்திலும் உண்மையுள்ளவனாயிருக்கிறான்” என்ற லூக்கா 16-ஆம் அதிகார வசனத்தை நாம் எத்தனை முறை மனப்பாடப் போட்டிக்குக் கொடுத்திருப்போம்! அந்த வசனத்துக்கு விளக்கம் வேண்டுமென்றால் அந்த ஒரு வரியைப் படித்துக் காட்டலாம்.

ஒரு பக்கம் மாற்றுவதற்கும் அடுத்த பக்கம் மாற்றுவதற்கும் நடுவில் கிடைக்கும் நேரத்தில்தான் அவர் ஞாயிறு ஆராதனைக்கு வந்துபோகிறார். அந்த நேரத்துக்கும் யாரையாவது கெஞ்சிக் கேட்டு மாமியாரின் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு வர வேண்டும். சிலசமயம் ஆசீர்வாதம் கூறும்முன் அவர் எழுந்து போவதைக் குறை சொன்னவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர் எங்கே ஓடுகிறார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் அவரை அத்தனை பேர் முன்னிலையில் திருப்பி அனுப்பினோம்.

“சொந்த வேலை” என்று சொன்னதற்கு வேதத்தில் இடமில்லை, ஐயா. விதவையான தாயைப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பராமரிப்பதைத் தேவபக்தியின் முதல் பாடமாகவே தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 5-ஆம் அதிகாரம் வைக்கிறது. தன் வீட்டாரைக் கவனிக்காதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று அதே அதிகாரம் கடுமையாகச் சொல்கிறது. இன்னும் கடுமையான இடம் மாற்கு 7. பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லி ஒதுக்கிவிட்டு, அவர்களைக் கைவிட வழிசெய்து கொடுத்த மதத் தலைவர்களை இயேசு நேருக்கு நேர் கண்டித்தார். தேவனுடைய பெயரைச் சொல்லியே தேவனுடைய கட்டளையைத் தள்ளிவிட்டீர்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. நம் சபை அந்த நிலைக்குப் போய்விட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மாமியாரைக் கவனிப்பதை விட்டுவிட்டு அவர் துண்டுப்பிரதி கொடுக்கப் போயிருந்தால் அன்று அவர் தலைமேல் கை வைத்திருப்போம். இதை நீங்கள் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

அப்போஸ்தலர் 6-ஐ யாராவது எடுத்துக் காட்டலாம். தேவவசனத்தைப் போதியாமல் பந்திவிசாரணை செய்வது தகுதியல்ல என்று பன்னிருவரும் சொன்னார்களே என்று கேட்கலாம். சொன்னார்கள், உண்மைதான். அவர்களுக்கு ஒப்படைக்கப்பட்ட வேலை அது அல்ல என்பதால் சொன்னார்கள். அடுத்து என்ன செய்தார்கள் என்பதையும் வாசிக்க வேண்டும். விதவைகளுக்கு அன்றாட உணவு ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று பார்க்க ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்தவர்களாக இருக்க வேண்டும் என்று தகுதி வைத்தார்கள். ஜெபம்பண்ணி அவர்கள்மேல் கைகளை வைத்தார்கள். அந்தப் புத்தகத்தில் கை வைத்து ஜெபித்ததாக நாம் முதன்முதலில் வாசிப்பது அந்த இடத்தில்தான். நம் அர்ப்பணிப்பு ஆராதனையின் வேரே ஒரு சாப்பாட்டுப் பந்தியில் இருக்கிறது!

நம்முடைய மரபு அல்ல என்றாலும் இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். 6-ஆம் நூற்றாண்டில் நூர்சியாவின் பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில் சமையலறை வேலையை வாரமுறை வைத்து எல்லோருக்கும் பங்கிட்டார். வாரம் முடிகிறவர் துண்டுகளைத் துவைத்து, பாத்திரங்களைச் சுத்தமாகவும் உடையாமலும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஞாயிறு காலை ஜெபம் முடிந்ததும், வாரம் முடித்தவரும் தொடங்குகிறவரும் ஜெப அறையில் எல்லோர் முன்பும் பணிந்து தங்களுக்காக ஜெபிக்கும்படி கேட்க வேண்டும். மடத்துப் பண்டசாலையைப் பார்த்துக்கொள்கிறவர் அங்குள்ள எல்லாப் பாத்திரங்களையும் பலிபீடத்தின் பாத்திரங்களைப் போலவே எண்ண வேண்டும் என்றும் எழுதினார். அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, 1522-ல், திருமண வாழ்வைப் பற்றி எழுதிய மார்ட்டின் லூத்தர், விசுவாசத்தோடு குழந்தையின் அழுக்குத் துணியைத் துவைக்கும் தகப்பனைப் பார்த்து ஊரார் சிரித்தாலும் தேவன் தம்முடைய தூதர்களோடு மகிழ்கிறார் என்றார். மடத்தை விட்டு வெளியே வந்த லூத்தரும் மடத்துக்கு ஒழுங்கு எழுதிய பெனடிக்டும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே பக்கம் நிற்கிறார்கள். நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம்?

சொல்ல வந்தது ஒரு சகோதரியைப் பற்றி என்றாலும் மனதில் கிடப்பதையும் சொல்லிவிடுகிறேன். திங்கள் முதல் சனி வரை நாங்கள் செய்வது எதுவும் நம் பிரசங்கங்களில் வருவதில்லை. வந்தால், காணிக்கை கொடுக்க உதவும் சம்பாத்தியம் என்ற அளவில் வருகிறது. பஸ் ஓட்டுகிறவர், கணக்கு எழுதுகிறவர், இரவுக் காவலுக்குப் போகிறவர், தறியில் நிற்கிறவர் எல்லோரும் நம்மிடையே உட்கார்ந்திருக்கிறார்கள். தங்கள் வேலையில் என்ன சோதனை வருகிறது, எங்கே பொய் சொல்லக் கட்டாயப்படுத்தப்படுகிறார்கள் என்று நாம் அவர்களிடம் கேட்டதே இல்லை. மறுபக்கத்தில், சாட்சி சொல்ல முதலில் எழும் ஒருவர் தம்மிடம் வேலை செய்கிறவர்களுக்குச் சம்பளத்தை இழுத்தடிப்பது பலருக்கும் தெரியும். கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாது என்று லேவியராகமம் 19 சொல்கிறது. அதைப் பற்றி அவரிடம் ஒருவரும் வாய் திறப்பதில்லை, ஏனென்றால் அது “சொந்த விஷயம்”. வேலையை ஆராதனைக்கு வெளியே தள்ளிவிட்டால் நேர்மையாக உழைப்பவருக்கு ஜெபமும் இல்லை, அநியாயம் செய்பவருக்குக் கண்டிப்பும் இல்லை.

யோவான் ஸ்நானகனிடம் வரி வசூலிக்கும் ஆயக்காரரும் போர்ச்சேவகரும் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். வேலையை விட்டுவிட்டு என் பின்னே வனாந்தரத்துக்கு வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. குறித்ததற்கு மேல் வசூலிக்காதே, மிரட்டிப் பறிக்காதே, பொய்க் குற்றம் சாட்டாதே, சம்பளம் போதுமென்று இரு என்றார். அவரவர் வேலைக்குள் நின்றே மனந்திரும்புதலின் கனியைக் காட்டச் சொன்னார். இப்படி ஒரு பிரசங்கம் கேட்க ஆசையாக இருக்கிறது, ஐயா.

கோபத்தில் எல்லை மீறி எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. நள்ளிரவில் அழைத்தாலும் மருத்துவமனைக்கு வந்து நிற்கிறீர்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பாடகர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் செய்த ஜெபத்தை நிறுத்தச் சொல்லவும் இல்லை. இயேசு சொன்ன உவமையில், ஐந்து தாலந்து பணம் வாங்கினவனுக்கும் இரண்டு தாலந்து வாங்கினவனுக்கும் எஜமான் ஒரே வார்த்தைகளைத்தான் சொன்னார்: “நல்லது, உத்தமமும் உண்மையுமுள்ள ஊழியக்காரனே.” அந்த இரண்டாமவனுக்கும் நம் ஆராதனையில் இடம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எல்லோரையும் அழைத்தால் ஆராதனை எப்போது முடியும் என்ற கேள்வி வரும். எல்லோரையும் ஒரே நாளில் அழைக்க வேண்டாம். வாரத்துக்கு ஒரு வேலை போதும். ஒரு ஞாயிறு வீட்டில் நோயாளியைப் பராமரிப்பவர்கள், அடுத்த ஞாயிறு துப்புரவுப் பணியாளர்கள், அதற்கடுத்து ஓட்டுநர்கள். அறிவிப்புகளுக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பாதிகூட ஆகாது. இதோடு, அந்தச் சகோதரி முழு ஆராதனையிலும் நிம்மதியாக உட்கார, பக்கம் மாற்றத் தெரிந்த ஒருவரை ஞாயிறுதோறும் அவர் வீட்டுக்கு அனுப்ப முறை வையுங்கள். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். எப்படி மாற்றுவது என்று அவரிடம் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் முதலில் அவரை முன்னே அழையுங்கள். எந்த ஒலிபெருக்கியில் அவரைத் திருப்பி அனுப்பினோமோ அதே ஒலிபெருக்கியில் அழையுங்கள். பீடத்தருகே அதிக நேரம் நிற்க அவருக்கு முடியாது என்பதால் ஆராதனையின் தொடக்கத்திலேயே அழைத்தால் நல்லது.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்த வேண்டுகோளைப் பரிசீலித்து, எடுக்கும் முடிவை ஞாயிறு அறிவிப்பில் சபைக்குத் தெரிவிக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிறிஸ்துவுக்குள் உங்கள் சபை அங்கத்தினர் ஒருவர்