சிவப்பு எச்சரிக்கை நாளுக்கும் பேர் போடுங்கள்

பெருந்தோட்டக் கம்பனிகளின் தலைவர்களுக்கும் தோட்டத் துரைமாருக்கும்,

வணக்கம். நான் பதுளை மாவட்டத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பெரிய மழை வந்தால் எங்கள் வகுப்பறைகள்தான் லயத்துச் சனங்களுக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்கு, முகாம். அந்த அனுபவத்தில் ஒரே ஒரு விஷயம் கேட்கிறேன்: மண்சரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை வரும் நாளில், லயத்தை விட்டுப் பாதுகாப்பான இடத்துக்குப் போகும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் முழுப்பேர் போடுங்கள், அதாவது வேலைக்கு வந்ததாகப் பதிந்து அன்றைய முழுச் சம்பளத்தையும் கொடுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்று சொல்ல, சுனாமி வந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறையான போயா தினம். சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்து, அலை நமது கிழக்குக் கரைக்கு வந்து சேர ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. ஆயினும் இந்து சமுத்திரத்துக்கு அன்று சுனாமி எச்சரிக்கை அமைப்பு என்று ஒன்று இல்லை. கரையில் நின்றவர்களுக்குச் சொல்ல ஆளில்லாமலே அந்த நேரம் கழிந்தது. இலங்கையில் மட்டும் 30,000க்கு மேற்பட்டோர் போனார்கள்.

அதே நாளில், அதிர்வின் மையத்துக்கு மிக அருகில் இருந்த இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் ஏறக்குறைய 78,000 பேர் வாழ்ந்தார்கள். இறந்தவர்கள் 7 பேர். 1907 இல் அங்கே ஒரு பேரலை அடித்திருந்தது. நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் எதையும் எடுக்காமல் மேட்டுக்கு ஓடு என்று கிழவிகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். அன்று காலை நிலம் ஆடியதும் ஊரே மேடேறியது. போகாதே, வேலை கிடக்கிறது என்று அவர்களை யாரும் மறிக்கவில்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

ஏனென்றால் எங்கள் பெரியவர்களுக்கும் மலையின் குணம் தெரியும். லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்தால், மரங்கள் ஒரு பக்கம் சாய்ந்தால், ஓடாத இடத்தில் ஊற்று கிளம்பினால், தெளிந்த பீலித் தண்ணீர் திடீரென்று சேறாக வந்தால், அடைபடும் கதவு அடைபடாமல் சிக்கினால் இருக்கக் கூடாது என்று சொல்வார்கள். இப்போது அறிவியலும் துணைக்கு இருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் கவனம், 100 என்றால் தயார், 150 தாண்டினால் வெளியேறு (இதுதான் சிவப்பு) என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அளவு வைத்திருக்கிறது.

இருந்தும் சனம் கிளம்புவதில்லை. ஏன் என்று எங்கள் வகுப்பறையில் பாய் விரித்துக் கிடந்த பெண்களிடம் கேட்டிருக்கிறேன். “முகாமுக்கு வந்தா பேர் போயிரும் டீச்சர்” என்றார்கள். மாதக் கடைசியில் கடைக்கடன் கொடுக்க வேண்டும், பிள்ளையின் பஸ் காசு இருக்கிறது. அதனால் இரவில் மட்டும் முகாமில் படுத்துவிட்டு, விடிந்ததும் அதே ஈர மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறார்கள். வயசானவர்கள் மாடு, கோழியைப் பார்க்க லயத்திலேயே தங்கிவிடுகிறார்கள்.

எங்கள் மாவட்டத்து மீரியாபெத்தைத் தோட்டத்தில் நடந்த மண்சரிவை உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் சொல்லப்பட்டிருந்தது. 2014 அக்டோபர் 29 காலையில் மலை இறங்கியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு. பலருடைய உடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கங்களில் மறுபடியும் மண்தான் விழுங்கியது.

ஒவ்வொரு முறையும் எங்கள் சனங்களின் தைரியத்தைப் புகழ்கிறீர்கள். அந்தத் தைரியம் உண்மைதான். மேலே மண் இன்னும் அசைந்துகொண்டிருக்க, பக்கத்து லயத்து ஆண்கள் மண்வெட்டியும் அலவாங்குமாக முதலில் இறங்குவார்கள். பெண்கள் நடக்க முடியாத கிழவிகளை முதுகில் சுமந்து குறுக்குப்பாதையில் ஏறுவார்கள். அவர்களைப் பார்த்து நான் பெருமைப்படுகிறேன். ஆனால் அந்தச் சேற்றில் அவர்கள் தேடுவது, ஒரு நாள் சம்பளத்துக்குப் பயந்து பின்தங்கியவரை என்றால் என் வயிறு எரிகிறது.

செலவு என்பீர்கள். இதைச் சாக்கு வைத்து வேலைக்கு வராமல் இருப்பார்கள் என்றும் சொல்வீர்கள். சிவப்பு எச்சரிக்கையைத் தொழிலாளி விடுவதில்லை, அரசாங்க நிறுவனம் விடுகிறது. முகாமுக்கு வந்தவர்களின் பெயர்கள் கிராம சேவகரிடம் பதிவாகின்றன. அந்தப் பட்டியலையும் தோட்டத்தில் பேர் பதியும் செக்ரோலையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் யார் வந்தார், யார் வரவில்லை என்று கணக்கப்பிள்ளைக்கு அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். தேயிலை விலை ஏறி இறங்குவதைத் தாங்குகிற கணக்குப் புத்தகம் இந்த நாட்களையும் தாங்கும்.

அப்புறம், காணியுரிமையோடு பாதுகாப்பான இடத்தில் தனி வீடு வேண்டும் என்ற எங்கள் கோரிக்கை அப்படியே இருக்கிறது. அதற்கு அரசாங்கமும் நீங்களும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும், காலமும் எடுக்கும். பேர் போடுவதற்கு அப்படி இல்லை, உங்கள் ஒரு கையெழுத்துப் போதும். ஐப்பசி மழை தொடங்குமுன் அதைத் தமிழில் எழுதி காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் ஒவ்வொரு பெரட்டுக்களத்திலும் ஒட்டுங்கள். பெரட்டில் துரையே ஒருமுறை வாயால் வாசித்தும் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியை