வருகைப் பதிவேட்டின் முதல் பக்கம்

குளச்சல்

அன்புள்ள அந்தோணிக்கு,

நலம். அம்மையின் கால் வீக்கம் வடிந்துவிட்டது. நீ அனுப்பிய தைலம்தான் தீர்ந்துபோயிற்று. ஆறு மாதமாக எழுதாததற்கு நேரில் வந்து திட்டிக்கொள், இப்போது இதைக் கேள்.

கீழ்மிடாலம் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்கும் திட்டம் பற்றிப் பேசக் கூட்டம் போட்டோம். அறிமுகமில்லாத ஒருவர் பின்வரிசையில் அமர்ந்து, கட்டன் சாயா குடித்து, நோட்டீஸ் அச்சடிக்கப் பணம் தந்தது யார் என்று விசாரித்து, பதிவேட்டில் முத்துமுத்தாகப் பெயரும் ஊரும் எழுதிவிட்டுப் போனார். அந்த ஊரில் அப்படி ஒருவரே இல்லை என்று தாசையன் மாமா போய் அறிந்து வந்தார். அனுப்பியது யாரென்று தெரியாமல் யார் மீதும் பழி சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த கூட்டத்தில் மரிய மாமி பேனாவை வாங்கி, அந்தப் பக்கத்தையே சற்று நேரம் பார்த்து, எழுதாமல் திருப்பிக் கொடுத்தார். சுனாமிக்குப் பிறகு எந்த அதிகாரி முன்னும் வாயடைக்காத மாமி, அன்று ஒரு சொல்லும் பேசவில்லை.

அதன்பின், இதுபோல் நியூசிலாந்தில் நடந்ததைப் பற்றிய செய்தியைத் தேடிப் படித்தேன். 2011 பிப்ரவரி 22 அன்று கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்தில் 185 பேர் மாண்டார்கள். வீடு சிதைந்தவர்களுக்குக் காப்பீட்டுத் தொகை தர வேண்டிய சதர்ன் ரெஸ்பான்ஸ் என்னும் அரசு நிறுவனமே, தாம்சன் அண்டு கிளார்க் என்ற தனியார் துப்பறியும் நிறுவனத்தை அமர்த்த, 2014இல் அம்மக்கள் தங்களுக்குள் நடத்திய கூட்டங்களில் துப்பறியும் உரிமமற்ற ஒருவர் போய் உட்கார்ந்திருக்கிறார். இழப்பீடு கேட்டவர்களை வேவு பார்க்க அரசுப் பணம்! 2018 டிசம்பரில் விசாரணை அறிக்கை வெளியானபோது சதர்ன் ரெஸ்பான்ஸ் தலைவர் பதவி விலகினார். அங்கே உரிமம் எங்கே என்று கேட்கவாவது சட்டம் இருந்தது. இங்கே 2005ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் காவலாளி நிறுவனங்களோடு நின்றுவிட்டது. துப்பறிவோருக்காக 2007இல் மாநிலங்களவைக்கு வந்த மசோதா சட்டமாகவே இல்லை. போலீஸ்காரர் வந்தால் பெயரும் நிலையமும் கேட்கலாம். கூலிக்கு வந்தவரை யாரிடம் போய்க் கேட்பது, அந்தோணி?

நீ மதுரையில் வக்கீல், நீயே சொல்: பதிவேட்டை வைத்திருப்பதா, நிறுத்துவதா? எரித்துவிடச் சொல்கிறார் தாசையன் மாமா. எனக்கு மனம் வரவில்லை. முதல் பக்கத்தில், முதல் வரியில், உன் அப்பாவின் கையெழுத்து இருக்கிறது.

உன்,
சேவியர்