ஜீப்பின் புஷ் மாற்றிய வேலை தொடர்பான முறைப்பாடு

முகாமையாளர் அவர்களுக்கு,
வாகன உதிரிப்பாக மற்றும் சேவை நிலையம்,
கண்டி.

மதிப்புக்குரிய ஐயா,

போனில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுக்கிறார். பில் இலக்கத்தைச் சொன்னால், "என்ன வாகனம், என்ன வேலை?" என்கிறார். உங்கள் பில்லை நான்தான் உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டுமா?

என் பழைய டிஃபெண்டர் 110 ஜீப்பின் முன் அச்சைச் சேஸியோடு பிணைக்கும் ரேடியஸ் ஆர்ம், பேன்ஹார்ட் ரொட் என்ற கம்பிகளின் முனைகளில் இருக்கும் ரபர் புஷ்களை மார்ச் மாதம் உங்களிடம் மாற்றினேன். சாமானும் உங்களுடையது, வேலையும் உங்களுடையது. 48,500 ரூபா கட்டினேன். ஆறு மாத வொரன்டி என்று பில்லின் அடியில் சீலும் குத்தித் தந்தீர்கள். நுவரெலியாவின் ஏப்ரல் சுற்றுலா சீசன் பாதியிலேயே பழைய சத்தம் திரும்பிவிட்டது. பிரேக்கை மிதித்தால் முன்னால் "டொக்" என்கிறது, ஸ்டியரிங் இடப்பக்கம் இழுக்கிறது. பட்டிப்பொலை இறக்கத்தில் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு வரும்போது இப்படி இழுத்தால் எப்படி இருக்கும் என்று உங்கள் கவுண்டரில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

கவுண்டர் என்றதும் அந்தத் தம்பியின் பேச்சுத்தான் நினைவுக்கு வருகிறது. நான் முறைப்பாட்டைச் சொல்லி முடிக்கும் முன்பே, "ஐயா, இது முப்பது வருச ஜீப். புஷ் மாத்துறத விட இரும்புக் கடைக்குக் குடுத்துருங்க" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். சரி, இரும்புக்குப் போக வேண்டிய வண்டி என்றால் மார்ச்சில் பணத்தை எண்ணி வாங்கும்போது அந்த வாய் எங்கே போனது? இந்த ஜீப்தான் என் வீட்டில் அடுப்பெரிக்கிறது. அதை ஒருவர் கேலி செய்ய நான் கண்டிவரை வரத் தேவையில்லை.

அப்புறம் அந்தப் போயா நாள், பௌர்ணமி விடுமுறை. வாகனத்தைக் கொண்டுவரச் சொல்லித் திகதி கொடுத்தது நீங்கள். அன்று போயா ஆயிற்றே, திறப்பீர்களா என்று நான் கேட்டேன். "திறப்போம், வாங்க" என்றார்கள். விடியும் முன் நுவரெலியாவிலிருந்து புறப்பட்டு, ரம்பொடை வளைவுகளில் பனிமூட்டத்துக்குள் இழுக்கிற ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, புசல்லாவை, கம்பளை தாண்டி வந்து சேர்ந்தால் ஷட்டர் பூட்டிக் கிடக்கிறது. காவலாளி மட்டும் பாவம், ஒரு பிளேன்டீ வாங்கித் தந்தார். உங்கள் நிறுவனத்தில் எனக்கு மரியாதை தந்தவர் அவர் ஒருவர்தான்.

பிறகு இங்குள்ள மெக்கானிக் பாஸிடம் காட்டினேன். புஷ்ஷைக் கழற்றி என் கையில் தந்தார். நடுக் குழாயைச் சுற்றி ரபர் வட்டமாகக் கிழிந்திருக்கிறது, நகம் உள்ளே போகிறது. பிழிந்த துணி மாதிரி ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டும் இருக்கிறது. படங்களை இணைத்திருக்கிறேன். வாகனத்தை ஹொய்ஸ்ட்டில் தூக்கி, அச்சு கீழே தொங்கும்போதே போல்ட்டை இறுக்கியிருக்கிறார்கள். சக்கரம் தரையில் நின்று, முழுப் பாரமும் ஏறிய பிறகுதான் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இறக்கிய நொடியிலிருந்தே ரபர் முறுகிய நிலையில்தான் இருக்கும். இது உங்கள் தொழில், உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் உங்கள் ஆட்கள் சொன்ன பதில், "தோட்டத்து ரோட்டில் ஓடினால் வொரன்டி இல்லை." ஃபோர் வீல் ஜீப்பை நான் வேறு எங்கே ஓட்டுவது, விக்டோரியா பூங்காவிலா?

மிச்ச சீசன் முழுக்க வண்டி கொட்டிலில் நின்றது. காலை ஒன்பது, பத்து மணியானால் ஹோர்ட்டன் சமவெளியின் உலக முடிவுப் பள்ளத்தாக்கை மேகம் மூடிவிடும், அதற்கு முன் ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நம்ப முடியாத ஜீப்பை எந்த ஹோட்டல் கூப்பிடும்? எல்லோரும் வேன்காரர்களிடம் போய்விட்டார்கள். என் தொழிலே அழிந்துபோனது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஐயா, உங்களோடு சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை. புதிய புஷ்களை இலவசமாகப் போட்டு, சக்கரம் தரையில் நிற்கும்போது என் கண் முன்னாலேயே போல்ட்டுகளை இறுக்கித் தந்தால் போதும். பாஸுக்கு நான் கொடுத்த கூலியையும் தர வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பதில் இல்லையென்றால் நுகர்வோர் விவகார அதிகார சபைக்குப் போவேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும், அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. அவர்களுடைய 1977 என்ற தொலைபேசி இலக்கமும் கையில் இருக்கிறது.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். பேசித்தான் ஆக வேண்டும் என்றால் நீங்களே எடுங்கள், அந்தத் தம்பியிடம் மட்டும் போனைக் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஜீப் உரிமையாளர்,
நுவரெலியா.