ஓராண்டு என்னைத் தாங்கியவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

ஜெர்மனியில் ஓராண்டு பாடம் எடுத்துவிட்டு ஊர் திரும்பி ஏழு வாரம் ஆகிவிட்டது. பெட்டியைப் பிரித்த அன்றே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. தனித்தனியாக எழுதத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் உங்களில் ஒருவர் எனக்குச் செய்தது இன்னொருவருக்குத் தெரியாது. தெரியட்டும் என்றுதான் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். பெயர்களைக் குறிப்பிடவில்லை, யாரைச் சொல்கிறேன் என்று வாசிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி, தன் வகுப்பையும் வீட்டையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டு என் வகுப்புக்கு வந்த ஜெர்மன் ஆசிரியைக்கு. நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் அவருடைய கிம்னாசியத்தில் (பல்கலைக்கழகப் படிப்புக்குத் தயார் செய்யும் பள்ளி), ஆங்கிலத்திலும் பாடம் நடக்கும் இருமொழிப் பிரிவில், நான் கணக்கு எடுத்தேன். அவர் தமிழ்நாட்டில் எங்கள் அரசு உதவிபெறும் பள்ளியின் ஆங்கில வழிப் பிரிவை எடுத்தார். சாவியோடு ஒரு நோட்டும் வைத்துவிட்டுப் போயிருந்தார். எந்த நிறத் தொட்டியில் எந்தக் குப்பை என்பதில் தொடங்கி, கடைசி நான்கு பக்கம் முழுக்க அவருடைய ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். ஒரு பையனைப் பற்றி எழுதியிருந்தார்: கை தூக்க மாட்டான், ஆனால் பதில் வைத்திருப்பான், காத்திருங்கள். அந்த வரியின் அருமை எனக்கு அன்று புரியவில்லை.

முதல் வாரமே தடுக்கி விழுந்தேன். வகுப்பறையின் நீளம் 8.125 மீட்டர் என்று கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு சிறுமி ஆள்காட்டி விரலை உயர்த்தி, "எட்டு கிலோமீட்டருக்கும் அதிகமாகவா?" என்று கேட்டாள். அங்கே தசமத்துக்குக் காற்புள்ளி. ஆயிரத்தைப் பிரிக்கத்தான் புள்ளி. நான் எழுதிய ஒன்று அவர்களுக்கு வெறும் கோடு. அவர்களுடைய ஒன்று எனக்கு ஏழாகத் தெரிந்தது. அவர்கள் ஏழின் நடுவே குறுக்குக் கோடு போடுவது அதற்காகத்தான். வகுத்தல் குறி வெறும் முக்காற்புள்ளி. லட்சத்தை 1,25,000 என்று நாம் பிரிப்பதைக் காட்டியபோது வகுப்பே எழுந்து வந்து பலகையருகே நின்றது. பதினெட்டு வருடமாகக் கணக்கு எடுப்பவள் நான். எண்ணை எழுதுவது எப்படி என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் எனக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பிள்ளைகளே, உங்களுக்கு நன்றி.

அடுத்து, என் வழிகாட்டி ஆசிரியருக்கு. ஐயா, முதல் இரண்டு மாதம் உங்கள் ஓய்வு நேரத்தையெல்லாம் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் கழித்தீர்கள். குறை சொல்லியதே இல்லை. ஒருநாள் மட்டும், நான் கேள்வி கேட்டு முடித்ததிலிருந்து நானே பதில் சொல்லத் தொடங்கும் வரை எத்தனை நொடி என்று எண்ணி, தாளில் எழுதிக் காட்டினீர்கள். பெரும்பாலும் ஒன்று, சில இடங்களில் ஒன்றுகூட இல்லை. ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று நொடி காத்திருந்தால் பிள்ளைகளின் பதில்கள் நீளமாகின்றன, பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே கண்டறிந்ததை அன்று நீங்கள் சொல்லித்தான் அறிந்தேன். மூன்று நொடி என்பது கேட்கத்தான் சின்னது. வகுப்பின் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றால் அது எவ்வளவு நீளம் என்பது நின்றவர்களுக்குத் தெரியும். நான் திணறும்போதெல்லாம் பின்னாலிருந்து விரல்களை மடக்கி எண்ணிக் காட்டினீர்கள்.

அங்கே வகுப்பில் பேசுவதும் மதிப்பெண்ணில் சேரும். என் பாடத்தில் ஏறக்குறைய பாதி எடை அதற்கு. ஒன்று என்றால் மிக நன்று, ஆறு என்றால் தேறவில்லை. காணொளி அழைப்பில் ஊரில் இருக்கும் என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு மாணவி ஒன்று வாங்கிய செய்தியைச் சொன்னேன். "ஐயோ பாவம், ஒன்றுதானா டீச்சர்?" என்று வருந்தினார்கள். நோட்டில் குறிப்பிட்டிருந்த அந்தப் பையனுக்கு நான் எதைப் போடுவது? நவம்பர் வரை அவன் வாயே திறக்கவில்லை. பிறகு ஒரு வியாழக்கிழமை, நான் ஏழு நொடி காத்திருந்த ஒரு கேள்விக்கு, கை தூக்காமலே பதில் சொன்னான். தவறான பதில்தான். ஆனால் அவன் தவறிய இடத்திலிருந்துதான் அன்றைய பாடம் முழுவதும் நடந்தது.

எல்லாமே அங்கே மேல் என்று நான் எழுதினால் அது நன்றியாகாது, பொய்யாகும். அருகிலிருந்த தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பில் ஒரு வாரம் உட்கார அனுமதித்த ஆசிரியைக்கு நான் மிகவும் கடன்பட்டிருக்கிறேன். அங்கே நான்காம் வகுப்போடு பிள்ளைகள் பிரிகிறார்கள்: கிம்னாசியம், நடுத்தரப் படிப்புக்கான ரியால்ஷூலே, தொழிலுக்குத் தயாராகும் அடிப்படைப் படிப்புக்கான ஹாப்ட்ஷூலே. எல்லோரும் சேர்ந்து படிக்கும் கெசாம்ட்ஷூலேயும் உண்டு. எந்தப் பள்ளி பொருந்தும் என்று பரிந்துரை எழுதுவது வகுப்பாசிரியர். பத்து வயதுப் பிள்ளைக்கு! பரிந்துரை எழுதும் வாரங்களில் தூக்கம் வருவதில்லை என்று அவர் மனம்விட்டுச் சொன்னார். பல நாடுகளின் பதினைந்து வயதுப் பிள்ளைகளின் திறனை ஒப்பிடும் பிசா ஆய்வின் முதல் முடிவுகள் 2001 டிசம்பரில் வந்தபோது, குடும்பப் பின்னணிக்கும் பிள்ளைகளின் தேர்ச்சிக்கும் ஜெர்மனியில் இருந்த இறுக்கமான தொடர்பைக் கண்டு நாடே அதிர்ந்ததையும் அவர்தான் விளக்கினார். என் வகுப்பில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். பத்து வயதில் அவர்களுக்கு நான் பரிந்துரை எழுதியிருந்தால் எத்தனை பேரைத் தவறான வாசலுக்கு அனுப்பியிருப்பேன்! ஐம்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தாலும் பத்தாம் வகுப்பு வரை ஒரே கூரையின் கீழ் இருக்கிறோமே, அதன் மதிப்பு அங்கே போய்த்தான் தெரிந்தது. 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவைப் பற்றிச் சொன்னபோது ஆசிரியர் அறையில் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டீர்கள். மதியத்தோடு பள்ளி முடிவதே நெடுங்கால வழக்கமாக இருந்த ஊரில், அந்தப் பேச்சு இரண்டு இடைவேளைக்கு நீண்டது.

அங்கே ஈழத் தமிழர்கள் நடத்தும் தமிழ்ப் பள்ளியான தமிழாலயத்து அக்காமாருக்கும் அண்ணன்மாருக்கும் என்ன சொல்வேன்? வாரமெல்லாம் வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமைகளில் ஊதியமின்றிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறீர்கள். காய்ச்சலில் நான் படுத்திருந்தபோது, "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, நாங்கள் இருக்கிறம்" என்று வாசலில் வந்து நின்றீர்கள். போரில் வீடு வாசல் இழந்து வந்து, மொழியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் நீங்கள். உங்கள் வகுப்பில் அரிச்சுவடி சொல்லிக் கொடுத்த சில சனிக்கிழமைகளை என் பணிக்காலத்தின் சிறந்த நாட்களாக வைத்திருக்கிறேன்.

விசாப் படிவங்களை வரிவரியாகப் பார்த்துக் கொடுத்த பள்ளி அலுவலக அம்மாவுக்கும், பனி விழுந்த காலைகளில் என் சைக்கிளை உள்ளே எடுத்து வைத்த பள்ளிக் காவலாளிக்கும் என் வணக்கம்.

இங்கே, விடுப்புக் கோப்போடு அலுவலகம் அலுவலகமாக அலைந்த எங்கள் தலைமை ஆசிரியைக்கு: உங்கள் பிடிவாதம் இல்லையென்றால் இந்த ஆண்டே இல்லை. வந்த விருந்தினரைத் தனியே விடாமல் பார்த்துக்கொண்ட சக ஆசிரியர்களுக்கும், என் மகனின் ஓராண்டை ஏற்றுக்கொண்ட அத்தைக்கும் நன்றி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே டீச்சர் என்றோ மிஸ் என்றோ அழைப்பதில்லை. திருமதி என்பது போல ஃப்ராவ் என்று சொல்லிக் குடும்பப் பெயரைச் சேர்ப்பார்கள். பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருந்தது என் இன்ஷியலை விரித்து எழுதிய அப்பாவின் பெயர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி மில்லுக்குப் போன மனிதர். ஓராண்டு முழுவதும் ஒரு பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர் மரியாதையோடு ஒலித்தது. அழைத்த பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

கடைசி நாள் ஆசிரியர் கூட்டத்தில் எல்லோரும் மேசையை விரல் முட்டியால் தட்டினீர்கள். அங்கே அதுதான் கைதட்டல். இப்போது என் பத்தாம் வகுப்பில், இதுவரை பேசாத ஒரு பிள்ளை வாய் திறந்தால், பதில் சரியோ தவறோ, ஐம்பத்திரண்டு பேரும் டெஸ்க்கைத் தட்டுகிறார்கள். போன வாரம் மட்டும் நான்கு முறை. பக்கத்து வகுப்பு ஆசிரியர்களே, அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்வதற்கு உங்களுக்கும் நன்றி.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்