அப்பா சுருட்டிக் கொண்டுவந்த பாய்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை. வலது கண்ணில் புரை எடுத்ததால் டாக்டர் வாசிக்கவும் எழுதவும் விடவில்லை. இப்போது எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. உன் கையெழுத்து இன்றைக்கும் கோழி கிளறின மாதிரித்தான் என்பதும் சேர்ந்தே தெரிகிறது.

கண் சுகமானால் தேவத்தை மாதாவிடம் வருவதாக மனுசி எனக்குச் சொல்லாமலே நேர்த்தி வைத்திருக்கிறாள். கண்ணுக்குக் காவல் சாந்த லூசியா; அவவின் பெரிய கோயிலோ எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடை. அதை விட்டுவிட்டு ராகமவுக்கு நேர்த்தி! கேட்டால், "பக்கத்து வீட்டுக்காரியிடம் கடன் கேட்கக் கூச்சம்" என்கிறாள். போன சனிக்கிழமை கோட்டையில் ரயில் ஏறி, ராகமவில் இறங்கி, த்ரீவீல் பிடித்துப் போய் வந்தோம். அவள் மெழுகுதிரி கொளுத்தப் போன நேரம் நான் உள்ளே கர்தினால் தோமஸ் கூரே ஆண்டகையின் கல்லறைக்குக் கிட்ட உட்கார்ந்துவிட்டேன். நீ போன கடிதத்தில் கேட்டிருந்தாயே, "அரசாங்கம் பள்ளிக்கூடங்களை எடுத்தபோது, உங்கட ஆண்டகைமார் 61ல் ஏன் அப்படிச் சட்டென்று விட்டுக்கொடுத்தார்கள்?" என்று, அது அங்கே இருக்கும்போது திரும்பவும் வந்து நின்றது. வென்றது, அரசாங்கம் எடுக்கட்டும் என்ற உன் அப்பா பக்கம். ஆனாலும் நீதான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாய்.

கூரே ஆண்டகை என் கன்னத்தில் தட்டிய கதை நினைவிருக்கிறதா? உறுதிபூசுதலுக்கு முதல் நாள், ஆண்டகை எல்லோருக்கும் அறை விடுவார் என்று பெரிய வகுப்புப் பையன்கள் எங்களைப் பயப்படுத்தி வைத்திருந்தார்கள். அந்தக் காலத்துச் சடங்கில் அப்படி ஒரு தட்டு உண்டுதான். என் முறை வந்தபோது நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். பூனை வால் பட்ட மாதிரி ஒரு தட்டு, அவ்வளவுதான். வெளியே வந்ததும் நீ ஓடி வந்து, "அறைஞ்சாராடா?" என்று கேட்டாய். நான் வீராப்பாக, "ஓம், நல்லா" என்றேன். அந்தப் பொய்க்கு இன்றுவரை பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை.

அவர் நீர்கொழும்புக்காரர், 1901 டிசம்பரில் பிறந்தவர். கொழும்பு சாந்த சூசையப்பர் கல்லூரியில் படித்து, அமலமரித் தியாகிகள் சபையில் சேர்ந்து, ரோமில் படித்து, 1929ல் குருவானவர். 1947ல் கொழும்புப் பேராயர். அதற்கு முன் அந்தக் கதிரையில் இருந்த ஐந்து பேரும் பிரெஞ்சுக்காரர். முதலாவது பொன்ஜீன் ஆண்டகை, 1886ல். கடைசி மசோன் ஆண்டகை. இந்த நாட்டுப் பிள்ளை ஒருவர் அங்கே உட்கார்ந்து ஒரு வருஷம் ஆவதற்குள் நாட்டுக்குச் சுதந்திரமும் வந்துவிட்டது. எங்கள் அப்பா இதை ஏதோ தன் தம்பிக்கு வேலை கிடைத்த மாதிரிச் சொல்வார்.

பொன்ஜீனை இங்கே இழுத்ததற்குக் காரணம் இருக்கிறது. அவர் யாழ்ப்பாணத்தில் தமிழர் நடுவே வேலை செய்து, அங்கே ஆயராக இருந்துவிட்டுக் கொழும்புக்கு வந்தவர். கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கத்தோலிக்கப் பள்ளிக்கூடம் வேண்டும், அதற்கு அரசாங்கமும் காசு தரவேண்டும் என்று 1860களில் வரிந்துகட்டி வாதாடினவர்களில் அவர் முக்கியமானவர். 1870ஐ ஒட்டி நன்கொடை முறை வந்தது. ஆசிரியர் சம்பளத்தில் அரசு கை கொடுக்கும், நிர்வாகம் சபையிடம் இருக்கும். நீயும் நானும் ஒரே வாங்கில் இருந்து படித்ததே அந்த ஏற்பாட்டில்தான். ஒரு ஆண்டகை கட்டினதை இன்னொரு ஆண்டகை காலத்தில் கழற்றினார்கள் என்று அப்பா பெருமூச்சு விடுவார். உன் அப்பாவோ, "எல்லாருடைய வரியிலும் சம்பளம், ஒருத்தருடைய கையில் சாவியா?" என்று கேட்பார். எனக்குப் பத்து வயது. அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவே இல்லை. இப்போது சொல்கிறேன், கேள்வி சரியானதுதான். பதில்தான் அவ்வளவு லேசானதில்லை.

1960 டிசம்பர் ஞாபகம் இருக்கிறதா? சட்டம் வந்து, உதவி பெறும் பள்ளிகளின் நிர்வாகம் அரசாங்கத்துக்குப் போகிறது என்றதும், பெற்றோர் பள்ளிக்கூடங்களுக்குள் போய்ப் படுத்துவிட்டார்கள். அப்பா ஒரு பாயும் தலையணையும் எடுத்துக்கொண்டு போனார். அம்மா கேரியரில் சோறு கட்டிக் கொடுக்க, நான் கொண்டு போவேன். மேசைகளை அடுக்கிக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். பின்னேரமானால் பெண்கள் வந்து செபமாலை சொல்வார்கள். நாங்கள் பிள்ளைகள் மட்டும், வாத்தியார் இல்லாத வகுப்பறையில் ராசாக்கள் மாதிரி! கரும்பலகையில் படம் கீறித் தள்ளினோம். நத்தாரும் புது வருஷமும் அங்கேயே போனது. பிறகு ஜனவரியில் பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிரேசியஸ் வந்தார், பேச்சு நடந்தது, வெளியே வரச் சொன்னார்கள். ஒருநாள் காலையில் அப்பா பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். யாரையும் ஏசவில்லை. பாயை மூலையில் சாத்திவிட்டு, பிளேன்டீ கேட்டார். அன்று முழுக்க ஒரு சொல் இல்லை.

பெரிய பள்ளிகள் விரும்பினால் தனியாக நிற்கலாம், ஆனால் அரசாங்கக் காசும் கிடையாது, பிள்ளைகளிடம் கட்டணமும் எடுக்கக் கூடாது. அப்படியானால் எதில் நடத்துவது? கார்னிவலில், லொத்தர் டிக்கெட்டில், பழைய மாணவர் தருகிற காசில். அப்பா மாதாமாதம் டிக்கெட் புத்தகத்தோடு தெருத்தெருவாகத் திரிந்தது அதனால்தான். உன் அப்பா அந்த வருஷமே உன்னை அரசாங்கப் பள்ளிக்கு மாற்றினார். ஆறு மாதம் நான் உன்னோடு கதைக்கவில்லை. ஆடிவேலுக்கு செட்டியார் தெருவில் ரதம் பார்க்க வந்தபோது, நீ ஒன்றும் பேசாமல் கடலைச் சுருளை என் பக்கம் நீட்டினாய். இரண்டு பெரிய மனுசர் சண்டை, ஐந்து சதக் கடலையில் முடிந்தது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ஏன் விட்டார்கள்? எனக்கு இருபது வயதில் அதைக் கோழைத்தனம் என்றுதான் நினைத்தேன். இப்போது கணக்கு வேறு மாதிரி வருகிறது. 58 இனக்கலவரம் நடந்து இரண்டரை வருஷம்தான் ஆகியிருந்தது. பொலிஸ் உள்ளே புகுந்து, படுத்திருந்த ஒரு தகப்பன் செத்திருந்தால்? அடுத்தது எந்தத் தெரு, யாருடைய கடை என்று யாருக்குத் தெரியும்? வெள்ளைக்கார ஆண்டகை என்றால் கப்பலேறிப் போய்விடலாம். நீர்கொழும்புக்காரர் எங்கே போவது? அயலவர் முகத்தில் மறுநாளும் விழிக்க வேண்டியவர் அப்படித்தான் யோசித்திருப்பார் என்பது என் ஊகம். அவர் மனதுக்குள் நான் போய்ப் பார்க்கவில்லை. கல்லறைக்குப் பக்கத்தில் இருந்தால் மனுசனுக்கு எல்லாம் விளங்கின மாதிரி ஒரு மயக்கம் வரும். அதையும் கழித்துக்கொள்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். வத்திக்கான் சங்கம், லத்தீன் போய்த் தமிழில் பூசை. 1965 பெப்ரவரியில் ஆறாம் பவுல் அவரைக் கர்தினாலாக்கினார். இலங்கையில் அவர்தான் முதல். அடுத்தவர் வர 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் கர்தினாலான அடுத்த வருஷமே, ஞாயிறுக்குப் பதிலாகப் பௌத்தர்களின் போயா நாள் லீவாகி, ஞாயிற்றுக்கிழமை வேலை நாளாகிவிட்டது. 1971 வரை விடியப் பூசைக்குப் போய்விட்டு ஓட்டமாக ஓடினோமே! உனக்கு அது சிரிப்பு. 1970 டிசம்பர் 4ல் பாப்பரசரே கட்டுநாயக்காவில் இறங்கிச் சில மணித்தியாலம் நின்றார். 1976ல் கூரே ஆண்டகை பதவியை விட்டார். ஆனால் 1978ல் இரண்டு தடவை ரோமுக்குப் போய், 111 பேரில் ஒருவராகச் சீட்டுப் போட்டு இரண்டு பாப்பரசரைத் தெரிந்தெடுத்தார். நம்முடைய மாநகரசபைத் தேர்தலில் கூட நான் ஒழுங்காக வாக்குப் போட்டதில்லை.

தேவத்தைக் கோயில் மசோன் ஆண்டகையின் நேர்த்தி. உலகப் போர் இந்த நாட்டை அழிக்காமல் விட்டால் மாதாவுக்குப் பெரிய கோயில் கட்டுவதாக அவர் வாக்குக் கொடுத்தார். 1942ல் ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜப்பான் விமானங்கள் வந்து கொழும்பில் குண்டு போட்டன, நாலு நாளில் திருகோணமலையிலும் போட்டன, அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. (ஈஸ்டர், குண்டு என்று எழுதக் கை நிற்கிறது மச்சான். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் பக்கம் போகும்போது 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு இன்னும் மூக்கில் மணக்கிறது.) நேர்த்தி வைத்தவர் போய்விட்டார். அதைத் தலையில் தூக்கினவர் கூரே. 1974ல்தான் கோயில் அபிஷேகமானது. தான் வைக்காத நேர்த்தியை இத்தனை வருஷம் சுமந்து தீர்த்தவர், 1988 ஒக்டோபரில் போய் அங்கேயே படுத்துவிட்டார். அவரை இறை ஊழியர் என்று அறிவித்துப் புனிதர் பட்டத்துக்கான வேலையும் நடக்கிறது.

மனுசி வந்து, "என்ன, நித்திரையா?" என்று தட்டினாள். ஆண்டகை தட்டியதை விடப் பலமாகவே.

பாய் இப்போது இல்லை, கறையான் தின்றுவிட்டது. டிக்கெட் புத்தகத்தின் அடிக்கட்டை ஒன்று அலுமாரியில் கிடக்கிறது. அதில் வாங்கினவர் பெயர் எழுதும் இடத்தில் ஒரு பக்கத்தில் உன் அப்பாவின் கையெழுத்து. ஐந்து டிக்கெட்! இதை நான் போன மாதம்தான் பார்த்தேன். உனக்குத் தெரியுமா? எழுது.

டிசம்பர் 13 லூசியா திருநாளுக்கு வருவதாகச் சொன்னாய். மட்டக்களப்பிலிருந்து ரயிலில் வந்தால் இரண்டு முட்டி தயிர் கொண்டு வா. பஸ்ஸில் வந்தால் வேண்டாம், போனமுறை மாதிரி உன் சேர்ட்டில்தான் வந்து சேரும்.

உன்,
கொட்டாஞ்சேனைக்காரன்