ஒப்படையைப் பிள்ளையே எழுதட்டும்

தரம் 6 முதல் 9 வரையான மாணவர்களின் பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தத் தவணையில் தரம் 8 பிள்ளைகளுக்கு மட்டக்களப்பு வாவி பற்றி ஓர் ஒப்படை கொடுத்திருந்தோம். அட்டையெல்லாம் அழகு, கையெழுத்தும் அழகு. ஆனால் வாசிக்க வாசிக்க ஒரே பந்திதான் திரும்பத் திரும்ப வந்தது. விக்கிப்பீடியாவில் வசனத்தின் முடிவில் சதுர அடைப்புக்குள் ஒரு சின்ன இலக்கம் இருக்கும் அல்லவா? சில பிள்ளைகள் அதையும் விடாமல் நீலப் பேனையால் எழுதியிருந்தார்கள். தகவல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று காட்டும் எண் அது. கேட்டால், எதற்கென்று அவர்களுக்குத் தெரியவில்லை.

அதே கட்டுக்குள் இன்னொரு கொப்பியும் இருந்தது. ஒன்றரைப் பக்கந்தான், ரகர றகரப் பிழைகள் நிறைய. மாரியில் மழை கூடி வயல் மூழ்கினால் வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள், தண்ணீர் கடலுக்குப் போய்விடும் என்று எழுதி, கீழே "சொன்னவர்: அப்பப்பா" என்று போட்டிருந்தது. அந்தப் பிள்ளைக்கு வகுப்பாசிரியர் நல்ல புள்ளி கொடுத்தார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் என்பது எல்லாருக்கும் பொதுவான தகவல், யாரும் எழுதலாம். இன்னொருவர் கோத்த வசனங்களைத் தன் வசனம்போலக் கொடுப்பதுதான் பிழை. இரண்டொரு சொல்லை மாற்றிவிட்டாலும் அது பிழைதான். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால் பெயர் சொல்லத் தேவையில்லை என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் எழுத்துக்கும் படத்துக்கும் உரிமையாளர் உண்டு என்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் சட்டம் பேச வேண்டியதில்லை. எங்கே எடுத்தாய் என்று கேட்டுப் பழக்கினால் போதும்.

காரைதீவில் பிறந்த தமிழறிஞர் விபுலானந்த அடிகள், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையின் சில வரிகளைப் பிடித்துக்கொண்டுதான், யாழ் என்ற பழைய இசைக்கருவி பற்றிய யாழ் நூலை விரித்து எழுதினார். அது 1947இல் வெளிவந்தது. எந்த வரியில் இருந்து புறப்பட்டார் என்பதை அவர் மறைக்கவில்லை. அதனால்தான் அவருடைய சொந்த ஆராய்ச்சி எவ்வளவு என்பது நமக்குத் துல்லியமாகத் தெரிகிறது.

இனி உங்களிடம் கேட்பதற்கு வருகிறேன். ஒப்படையை அக்காவோ அண்ணாவோ எழுதிக் கொடுக்க விடாதீர்கள். கடையில் காசு கொடுத்துச் செய்வித்து அனுப்பவும் வேண்டாம். புள்ளி குறைந்துவிடுமோ என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பாடசாலை மட்டக் கணிப்பீடு பிள்ளைக்கு எது விளங்கவில்லை என்று ஆசிரியர் கண்டுபிடிப்பதற்காகவே இருக்கிறது. நீங்கள் எழுதிக் கொடுத்தால் அந்த இடம் மறைந்துபோகும், பிறகு சாதாரண தரப் பரீட்சையில்தான் வெளியே தெரியவரும். பக்கத்தில் இருந்து கேள்வி கேளுங்கள், எழுத்துப் பிழையைக் காட்டுங்கள், நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள். அது உதவி.

கேள்வி கேட்டால் பதில் எழுதித் தரும் சாட்ஜிபிடி என்ற கணினிச் செயலி பற்றியும் சில பெற்றோர் கேட்டிருந்தீர்கள். விளங்காத ஒன்றைக் கேட்டு அறியலாம். அது சொன்னது சரிதானா என்று பாடப்புத்தகத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் பிழையையும் அது உறுதியாகவே சொல்லும். அது எழுதிய பந்தியை அப்படியே தரக்கூடாது. உதவி எடுத்திருந்தால் அதையும் கடைசிப் பக்கத்தில் எழுதட்டும்.

அடுத்த தவணையில் இருந்து ஒவ்வோர் ஒப்படையின் கடைசியிலும் புத்தகம், இணையத்தளம், கேட்டறிந்த ஆள் என்று எடுத்த இடங்களைக் குறிக்க வேண்டும். ஒப்படையைத் தரும்போது ஆசிரியர் இரண்டு மூன்று கேள்விகள் வாயால் கேட்பார். கொப்பியடித்திருந்தால் முதல் தடவை திருப்பி எழுதச் சொல்வோம். வகுப்பின் முன்னால் யாரையும் அவமானப்படுத்த மாட்டோம். மறுபடியும் நடந்தால் உங்களை அழைத்துப் பேசுவோம். அப்படி அழைத்தால், வீட்டில் பிள்ளையை அடிக்காமல் வாருங்கள்.

இப்படிக்கு,
அதிபர்