சங்கங்கள் பெற்ற கட்சி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. சங்கக் கணக்கை இப்போதும் நீதான் எழுதுகிறாய் என்பதில் மகிழ்ச்சி.

பிரிட்டிஷ் தொழிலாளர் கட்சிக்கும் நம் கட்சிகளின் தொழிற்சங்கங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டிருந்தாய். பிறந்த வரிசைதான். இங்கே பெரும்பாலும் கட்சி முதலில் வந்தது. திமுகவுக்குத் தொமுச, மார்க்சிஸ்டுகளுக்கு சிஐடியு என்று சங்கம் பின்னால் வந்தது. அங்கே சங்கங்கள் சேர்ந்து கட்சியைப் பெற்றன.

1900 பிப்ரவரியில் லண்டனில் சங்கங்களும் சோசலிஸ்டுகளும் கூடி ஒரு குழு அமைத்தார்கள்; அதுதான் பின்னால் தொழிலாளர் கட்சி ஆனது. அந்த ஆண்டுத் தேர்தலில் கிடைத்தது 2 இடம். 1901இல் டாஃப் வேல் என்ற ரயில் நிறுவனத்தின் வழக்கில், வேலைநிறுத்த நட்டத்துக்குச் சங்கமே பொறுப்பு என்று, அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ரயில்வே சங்கம் 23,000 பவுண்டு நட்டஈடு கட்டியது. சங்க நிதியிலேயே கைவைக்கலாம் என்றால் எவன் வேலைநிறுத்தம் செய்வான்? தயங்கி நின்ற சங்கங்கள் குழுவில் சேர்ந்தன. 1906இல் 29 இடங்கள். அதே ஆண்டு சங்கங்களுக்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது.

அடுத்த அடி பணத்தின் மேல். 1909இல் ஆஸ்பர்ன் தீர்ப்பு, சங்கப் பணத்தை அரசியலுக்குச் செலவிடக் கூடாது என்றது. 1913 சட்டம் வழி திறந்தது: உறுப்பினர் வாக்கெடுப்பு, தனி அரசியல் நிதி, வேண்டாதவர் எழுதிக் கொடுத்து விலகலாம். 1926 பொது வேலைநிறுத்தத்துக்குப் பழிவாங்க, 1927இல் கன்சர்வேட்டிவ் அரசு இதைத் திருப்பிப் போட்டது: விரும்புகிறவர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். கட்சியின் வருமானம் சரிந்தது. சேரவோ விலகவோ யாரும் எளிதில் படிவம் நிரப்புவதில்லை, சேகர். அதனால்தான் இந்தச் சின்ன விதிக்கு இவ்வளவு சண்டை. 1946இல் தொழிலாளர் கட்சியின் அட்லி அரசு பழையபடி மாற்றியது. 2016இல் புது உறுப்பினர்களுக்கு மறுபடி தலைகீழ்.

1931தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேலையில்லாதோர் உதவித்தொகையை வெட்டுவதில் தொழிலாளர் கட்சி அமைச்சரவை பிளந்தது. பிரதமர் மெக்டொனால்டே எதிர்த்தரப்போடு கூட்டு அரசு அமைத்தார். தேர்தலில் கட்சிக்கு மிஞ்சியது 52 இடம். தலைவன் போன பின்பும் கட்சி அழியாததற்குச் சங்கங்களின் சந்தாவும் கிளைகளும்தான் காரணம் என்பேன். 1945இல் 393 இடங்களோடு ஆட்சிக்கு வந்தது.

நமக்கும் இதில் பங்கு உண்டு. பின்னி ஆலைத் தகராறில் தொழிற்சங்கத் தலைவர் வாடியா மீது சென்னை உயர் நீதிமன்றம் தடையாணை போட்டதும் 1926 தொழிற்சங்கச் சட்டம் வர ஒரு காரணம். அதன் 16ஆம் பிரிவும் தனி அரசியல் நிதி என்றது, அதற்கு உறுப்பினர் பணம் கட்டுவது கட்டாயமில்லை என்றது. ஆகவே உன் சங்கத்தில் அரசியல் நிதி வசூலித்தால் தனி ரசீது, தனிப் பேரேடு வை. பொதுநிதியிலிருந்து கைமாற்றாகக்கூட அதற்கு எடுக்காதே; தணிக்கையில் முதலில் மாட்டுவது அதுதான்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முருகேசன்